பெயர் மறைக்கப்பட்ட காமிரா

திரைப்படத்தில் நடிகரின் கையில் உள்ள பொருளைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கதை நம்மை இழுத்துச் சென்றுவிடுகிறது. ஆனால் பழைய காமிராக்களில் ஈடுபாடு கொண்டோர், திரையில் ஒரு காமிரா தோன்றிய மாத்திரத்தில் அதன் வடிவைக் கொண்டே பெயரையும் பிறந்த ஊரையும் கூறிவிடுவர். வெறும் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கருவி இன்னது என்று அறிந்தபின் கதையின் பொருளே ஆழப்படுவதுண்டு. ஓராண்டு இடைவெளியில் வெளிவந்த இரண்டு அமெரிக்கப் படங்களை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

1954-இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கிய 'ரியர் விண்டோ'வில், கால் முறிந்து சக்கர நாற்காலியில் முடங்கிய பத்திரிகைப் புகைப்படக்காரராக ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்தார். பொழுது போகாத அவர் எதிர்வீட்டுச் சன்னல்களை முதலில் வெறுங்கண்ணாலும், பின்னர் பைனாகுலராலும், அதன்பின் நீண்ட லென்சு பூட்டிய காமிராவாலும் உற்றுப் பார்க்கிறார். அக்காமிராவின் முகப்பில் பெயர் இருக்கவேண்டிய இடம் கறுப்பாக மூடப்பட்டுள்ளது. ஆயினும் இருபுறமும் சரிந்த உடலமைப்பும், இடக்கை விரலால் அழுத்தும் விசையும் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. டிரெஸ்டன் நகரின் இஹாகீ நிறுவனம் செய்த எக்ஸாக்டா அது. பூட்டியிருப்பது 400 மில்லிமீட்டர் கில்ஃபிட் லென்சு.

1936-இல் வெளிவந்த கினே எக்ஸாக்டா, 35 மில்லிமீட்டர் பிலிம் கொண்டு இயங்கிய முதல் ரிஃப்ளெக்ஸ் காமிராக்களுள் ஒன்று. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன்மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் அதன் தொழிற்சாலை அழிந்தது. போருக்குப்பின் கிழக்கு ஜெர்மனியில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. பனிப்போர் நாட்களில் ஹாலிவுட் நாயகன் ஒருவனின் கையில் பெயரின்றி இருந்தது அந்த எரிந்த நகரின் கைவேலைதான்.

ரிஃப்ளெக்ஸ் காமிராவின் உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடி, லென்சு காணும் காட்சியையே பார்ப்பவரின் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். தனிச் சாளரத்தின் வழியே பார்க்கும் காமிராவில் இது இயலாது. ஆகவேதான் எக்ஸாக்டாவைத் தொலைநோக்கியாக்க அவரால் முடிந்தது. அதைக் கொண்டு அவர் படம் ஒன்றும் எடுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எடுத்த படத்துக்கு என்றேனும் பொறுப்பேற்க நேரும். பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பவனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. இவ்வாறு பார்ப்பது முறைதானா என்று அவரே ஒருமுறை வினவுகிறார். தெளிவான விடை கிடைக்கவில்லை. அவருடைய பார்வையால் ஒரு கொலை வெளிப்படுகிறது என்பதும் உண்மையே. இறுதியில் கொலைகாரன் அவர் அறைக்கே வந்துவிடுகிறான். ஃபிளாஷ் பல்புகளை மின்னவைத்து அவன் கண்ணைக் கூசச் செய்தும், சன்னல்வழி விழுந்து மற்றக் காலையும் முறித்துக்கொள்கிறார்.

1953-இல் வில்லியம் வைலர் இயக்கிய 'ரோமன் ஹாலிடே'யில் வருவது இன்னும் சிறிய கருவி. மாளிகையை விட்டு ஒருநாள் வெளியேறிய இளவரசிக்குத் தெரியாமல், சிகரெட் லைட்டரில் ஒளிந்திருக்கும் காமிராவால் எடி ஆல்பர்ட் படமெடுக்கிறார். இது இயக்குநரின் கற்பனை என்றே பலரும் எண்ணுவர். ஆனால் ஜப்பானில் உருவாகிக் கடைகளில் விற்கப்பட்ட எக்கோ 8 என்னும் காமிரா அது. பிறர் அறியாமல் அவரைப் பதிவு செய்யும் வசதி, அன்றே விலைக்குக் கிடைத்தது என்பதை அச்சிறு லைட்டர் நமக்கு அறிவிக்கிறது.

படத்தின் முடிவில், இளவரசி செய்தியாளர்களைச் சந்திக்கும்போது, அதே லைட்டரை அவர் காணும்படி உயர்த்தி ஒரு படம் எடுக்கிறார் எடி ஆல்பர்ட். மறைந்திருந்த கருவி வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. பின்னர், பெரும் தொகைக்கு விலைபோகக்கூடிய படங்கள் அடங்கிய உறையை இளவரசியின் கையிலேயே கொடுத்துவிடுகிறார்.

ஒரு காமிரா தன் பெயரை மறைத்தது. மற்றொன்று தான் காமிரா என்பதையே மறைத்தது. பழங்கருவிகளை அடையாளம் காண்போரின் கூர்ந்த கண் நமக்குக் கற்பிப்பது இதுவே: கையில் உள்ள பொருள் எது, அதனால் என்ன செய்ய முடியும் என்று அறிந்தால்தான், அதை ஏந்திய மனிதன் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் சரியாக எடைபோட இயலும். இன்று ஏறத்தாழ எல்லார் சட்டைப்பையிலும் ஒரு காமிரா இருக்கிறது. எடுத்த படத்தை உரியவரிடமே ஒப்படைக்கும் மனம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?