மறுக்கும் உரிமை

தொழிலாளி ஒருவன் முதலாளியிடம் தன் உழைப்பை விற்கிறான். உழைப்போடு உயிரையும் சேர்த்து விற்றுவிடுகிறானா? மேலதிகாரி ஒரு வேலையை ஏவுகிறார். அதைச் செய்தால் உயிர் போகும் என்று அவன் உண்மையாகவே அஞ்சுகிறான், ‘செய்யமாட்டேன்’ என்கிறான். அதற்காக அவனைத் தண்டிக்கலாமா? வினா எளிது. நேரிய விடை காண்பதற்கோ உலகுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. அந்த நெடிய வரலாற்றை விளக்கும் இரண்டு வழக்குகளை இங்கே காண்போம்.

முதல் வழக்கு இங்கிலாந்தில் எழுந்தது. லிங்கன்ஷயரில் மார்க்கெட் டீப்பிங் என்னும் சிற்றூரில் தாமஸ் பௌலர் என்பவர் இறைச்சிக் கடை நடத்தி வந்தார். அவரிடம் சார்லஸ் பிரீஸ்ட்லி என்ற இளைஞன் ஊழியம் புரிந்தான். 1835-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் இறைச்சிப் பாரம் ஏற்றிய வண்டியில் அவன் அனுப்பப்பட்டான். பாரம் மிகுதி, வழியில் வண்டி முறிந்தது, பிரீஸ்ட்லியின் தொடை எலும்பும் முறிந்தது. அவன் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தான். நடுவர் குழுவினர் மனமிரங்கி 100 பவுன் வழங்கும்படி தீர்ப்பளித்தனர். ஆனால் 1837-இல் வழக்கு மேல்நிலை நீதிபதி அபிங்கர் பிரபுவின் முன் வந்தபோது அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. அவர் கூறிய காரணங்களுள் ஒன்று நம் கருத்தைக் கவர்கிறது. ஊழியன் தன் உடலைப் பணயம் வைக்கக் கடமைப்பட்டவன் அல்லன். தீங்கு நேரும் என்று நியாயமாக அஞ்சினால் அந்த வேலையை அவன் மறுத்துவிடலாம் என்றார் அவர்.

கேட்பதற்கு எவ்வளவு இனிய சொல்! மறுக்கும் உரிமையை ஒரு பெரிய நீதிபதியே வாயார வழங்கிவிட்டார். ஆயினும் அது வழங்கப்பட்ட இடத்தை நோக்குங்கள். எலும்பு முறிந்து கிடந்தவனிடம், ‘நீ மறுத்திருக்கலாமே, மறுக்காமல் ஏறியது உன் பொறுப்பு’ என்று சொல்லி, கைக்கு எட்டிய தொகையைத் தடுப்பதற்கே அவ்வுரிமை பயன்பட்டது.

உண்மையில் மறுத்தவன் நிலை என்ன? அந்நாளில் இங்கிலாந்தில் 1823-ஆம் ஆண்டின் எசமானர்–ஊழியர் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு நீங்கும் கைவினைஞனுக்கும், சுரங்கத் தொழிலாளிக்கும், கூலியாளுக்கும் மூன்று மாதம் வரை கடுங்காவல் விதிக்க அது இடந்தந்தது. ஒப்பந்தத்தை மீறிய முதலாளிக்கோ சிறையில்லை. ஒரு கை ‘மறுக்கலாம்’ என்று காட்டியது. மற்றொரு கை சிறைக் கதவைத் திறந்து வைத்திருந்தது. 1875-இல்தான் அங்கே இத்தண்டனை முறை ஒழிந்தது. நம் நாட்டிலும் இதன் நிழல் படிந்திருந்தது. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை மறுத்தால் மூன்று மாதம் வரை சிறையிலிட 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம் வகை செய்தது. 1925-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நீக்கியது.

சிறைத் தண்டனை மறைந்தபின்னும் வேறு தண்டனைகள் எஞ்சி நின்றன. வேலை நீக்கமும், கூலிப் பிடித்தமும், கண்டனக் குறிப்பும் மறுத்தவனைத் தொடர்ந்தன. இரண்டாம் வழக்கு இதனை விளக்கும்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில், வேர்ல்பூல் நிறுவனத்திற்கு வீட்டுச் சாதனங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. உறுப்புகளைச் சுமந்து செல்லும் தொங்கு தொடர்கள் 13 மைல் நீளத்திற்கு மேலே ஓடின. அவற்றிலிருந்து தவறி விழும் பொருள்களைத் தாங்க, தரையிலிருந்து ஏறத்தாழ 20 அடி உயரத்தில் கம்பி வலை விரிக்கப்பட்டிருந்தது. விழுந்த பொருள்களை அகற்றவும், மசகெண்ணெய் சொட்டும் தாள்களை மாற்றவும் பராமரிப்புத் தொழிலாளர் அதன்மேல் ஏற வேண்டும். பழைய வலை வலுவற்றது. சிலர் அதனூடே சரிந்ததுண்டு. 1973-இல் வலுவான புதிய வலையைப் பொருத்தத் தொடங்கினர். ஆனால் வேலை முடியுமுன், 1974 ஜூன் 28 அன்று, பழைய வலை இருந்த பகுதியில் ஒரு தொழிலாளி விழுந்து மாண்டார்.

அங்கே பணியாற்றிய இருவர் மேலதிகாரிகளிடம் முறையிட்டனர். மனநிறைவு பெறாமல், அரசின் தொழிற்பாதுகாப்பு அதிகாரியின் முகவரியையும் கேட்டுப் பெற்றனர். மறுநாள், ஜூலை 10 இரவு, போர்மன் அவர்களைப் பழைய வலைமேல் ஏறச் சொன்னார். இருவரும் மறுத்தனர். எஞ்சிய ஆறு மணி நேரத்திற்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை என்று அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் அவர்களுடைய பணிக் கோப்புகளில் கண்டனக் குறிப்பும் சேர்ந்தது.

ஆறு மணிக் கூலி சிறு தொகைதான். ஆனால் அரசு அதனைச் சிறிதென்று கருதவில்லை. இத்தகைய மறுப்புக்காகத் தொழிலாளியைத் தண்டிக்கலாகாது என்று தொழில் துறை 1973-இல் ஒரு விதி செய்திருந்தது. அவ்விதி செல்லாது என்றது கீழ் நீதிமன்றம். செல்லும் என்றது மேல்முறையீட்டு மன்றம். 1980 பிப்ரவரி 26 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக விதியை நிலைநாட்டியது. தொழிலாளர் சாவதைத் தடுப்பதே சட்டத்தின் நோக்கம். செத்தபின் அபராதம் வாங்குவது மட்டும் அதன் நோக்கமாகாது என்பதே நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதிய தீர்ப்பின் சாரம்.

மாணவர்கள் இங்கு ஒன்றை மறத்தலாகாது. இவ்வுரிமை சோம்பலுக்கு அளித்த சலுகை அன்று. சாவு அல்லது கொடுங்காயம் நேருமென்ற அச்சம் நியாயமானதாக இருத்தல் வேண்டும். மறுப்பு நேர்மையானதாக இருத்தல் வேண்டும். அதிகாரிகளை அழைத்துச் சோதிக்க நேரமும், வேறு வழியும் இல்லாதிருத்தல் வேண்டும். மறுத்தவர் நின்ற நேரத்திற்குக் கூலி கொடுத்தே தீரவேண்டும் என்றும் அவ்விதி சொல்லவில்லை. பழிவாங்காதே என்றுதான் சொன்னது.

1981-இல் அனைத்துலகத் தொழிலமைப்பு தன் 155-ஆம் உடன்படிக்கையில் இக்கொள்கையை உலகுக்கு எடுத்துரைத்தது. இந்தியாவில் 1984-இல் போபால் நச்சுவாயுப் பேரழிவு நேர்ந்தபின், 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழில்களில் உள்ளோர், உடனடி ஆபத்தை அஞ்சினால் நிருவாகத்துக்கும் ஆய்வாளருக்கும் அறிவிக்கும் உரிமை பெற்றனர். எச்சரிக்கும் உரிமை எழுத்தில் வந்தது. ஆயினும் ‘ஏறமாட்டேன்’ என்று விலகி நிற்கும் உரிமையை அத்திருத்தம் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுதல் அறிவுடைமை என்று நம் முன்னோர் கண்டனர். அந்த அறிவுக்குத் தண்டனை கிடைக்குமானால், யார் அதனை வாய்விட்டுச் சொல்வர்? அபிங்கர் பிரபு தந்த உரிமையில் காவல் இல்லை. ஆகவே அது வெறுஞ்சொல்லாயிற்று. மேரியனில் மறுத்த இருவரும் இழந்தது ஆறு மணிக் கூலி. அவர்களுக்கு முன் அங்கே விழுந்தவர் இழந்தது தம் உயிர். இவ்விரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தால், ‘மாட்டேன்’ என்ற ஒரு சொல்லைச் சட்டம் ஏன் காக்க வேண்டும் என்பது விளங்கும்.