மாதச் சேமிப்பை எங்கே போடுவது? வட்டி ஏறி இறங்கும் காலத்தில் உழவர்கள் கவனிக்க வேண்டியவை

நெல் கொள்முதல் பணமும் பால் பணமும் இப்போது நேராக வங்கிக் கணக்கில் வரவாகின்றன. வந்த பணம் அதே சேமிப்புக் கணக்கில் கிடந்து, சிறிது சிறிதாகக் கரைந்துவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. சேமிக்க நினைப்பவர்களும், "வட்டி குறைந்துவிட்டதாமே, இப்போது போடலாமா, பொறுக்கலாமா?" என்று தயங்குகிறார்கள். இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டே விடை காண்போம்.

மூன்று வகைக் கணக்குகள்

1. வங்கி சேமிப்புக் கணக்கு: பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வட்டி குறைவு, பெரிய அரசு வங்கிகள் சிலவற்றில் ஆண்டுக்கு 2.5 சதவீதம்தான். அந்த வட்டியையும் வங்கி எந்த நாளிலும் மாற்றலாம். அன்றாட இருப்பின் மேல் வட்டி கணக்கிடப்படும்.

2. அஞ்சலக சேமிப்புக் கணக்கு: வட்டி 4 சதவீதம். குறைந்தபட்ச இருப்பு 500 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி தருவார்கள். எனவே பணம் போடுவதை 10ஆம் தேதிக்குள் முடித்துவிடுங்கள். 11ஆம் தேதி போட்டால் அந்தத் தொகைக்கு அந்த மாத வட்டி கிடைக்காது.

3. தொடர் வைப்புக் கணக்கு (ஆர்.டி.): மாதந்தோறும் ஒரே தொகை கட்ட வேண்டும். அஞ்சலகத்தில் 5 ஆண்டு, 60 தவணை; மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம். வங்கிகளில் 6 மாதம் முதல் 10 ஆண்டு வரை காலத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். தொடங்கிய நாளில் உள்ள வட்டி, முதிர்வு வரை மாறாது.

மாதம் 1,000 ரூபாய் வீதம் 5 ஆண்டு, மொத்தம் 60,000 ரூபாய் போட்டால் கிடைப்பது:

• 2.5 சதவீத வங்கி சேமிப்புக் கணக்கில் சுமார் 64,000 ரூபாய்
• 4 சதவீத அஞ்சலக சேமிப்புக் கணக்கில் சுமார் 66,400 ரூபாய்
• 6.7 சதவீத அஞ்சலக ஆர்.டி.யில் சுமார் 71,360 ரூபாய்

வட்டி ஏன் மாறுகிறது?

ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியைக் கூட்டினால், நாளடைவில் வைப்பு வட்டியும் கூடும், குறைத்தால் குறையும். 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரையிலான மாதங்களில் 5.5 ஆக இறங்கியது. வங்கிகளும் வைப்பு வட்டியைக் குறைத்தன. அஞ்சலகச் சேமிப்புத் திட்டங்களின் வட்டியை மத்திய அரசு 3 மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்கிறது.

அஞ்சலக ஆர்.டி. வட்டி 2020 மார்ச்சில் 7.2 சதவீதம், ஏப்ரலில் 5.8 ஆனது. மாதம் 1,000 ரூபாய் ஆர்.டி.யை மார்ச்சில் தொடங்கியவருக்கு 5 ஆண்டு முடிவில் ஏறக்குறைய 72,300 ரூபாய். ஒரு மாதம் தள்ளித் தொடங்கியவருக்கு 69,700 ரூபாய். வித்தியாசம் 2,600 ரூபாய். 2023 அக்டோபரில் இந்த வட்டி 6.7 ஆக உயர்ந்தது. ஆனால் 5.8 சதவீதத்தில் தொடங்கியவர்களுக்கு அந்த உயர்வு கிடைக்கவில்லை.

வட்டியைவிடப் பெரிய இழப்பு எது?

அஞ்சலக ஆர்.டி.யை 3 ஆண்டுக்குப் பிறகு முன்கூட்டியே முடிக்கலாம். ஆனால் முதிர்வுக்கு ஒரு நாள் முன் முடித்தாலும் சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான் கிடைக்கும். மோட்டார் பழுது, கல்யாணச் செலவு என்று 4ஆம் ஆண்டு முடிவில் முடித்தால், 1,000 ரூபாய்க் கணக்கில் சுமார் 3,000 ரூபாய் கைவிட்டுப் போகும். வட்டி குறைந்ததால் வந்த நட்டத்தைவிட இது அதிகம். வட்டியை நிர்ணயிப்பது நம் கையில் இல்லை. கணக்கை முறிக்காமல் காப்பது நம் கையில் இருக்கிறது. அதற்கான வழிகள்:

• அவசரத்துக்குக் கடன்: ஓராண்டு நடத்தி 12 தவணை கட்டியிருந்தால், இருப்பில் பாதி வரை அஞ்சலகத்திலேயே கடன் வாங்கலாம். ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல், அவ்வளவுதான்.

• தவறிய தவணை: 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் அபராதம். நான்கு தவணைக்கு மேல் தொடர்ந்து தவறினால் கணக்கு நின்றுவிடும். இரண்டு மாதத்துக்குள் நிலுவையைக் கட்டினால் உயிர்ப்பிக்கலாம்.

• அறுவடையில் மொத்தமாகக் கட்டுதல்: நெல், கரும்பு உழவர்களுக்கு மாத வருமானம் கிடையாது. அவர்கள் தவணைகளை முன்பணமாகக் கட்டலாம். அந்த மாதத்தையும் சேர்த்து 6 தவணை கட்டினால் 100 ரூபாய்க்கு 10 ரூபாயும், 12 தவணை கட்டினால் 40 ரூபாயும் தள்ளுபடி. 1,000 ரூபாய்க் கணக்குக்கு ஓராண்டுத் தவணை 12,000 ரூபாய். சம்பா அறுவடை முடிந்ததும் மொத்தமாகக் கட்டினால் 11,600 ரூபாய் போதும்.

பால், பூ, காய்கறி என்று அடிக்கடி பணம் பார்ப்பவர்களுக்கு மாதத் தவணை நன்றாகப் பொருந்தும்.

வட்டி மாற்றத்தைச் சமாளிக்க

நாளை வட்டி கூடுமா குறையுமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லா விதையையும் ஒரே நாளில் ஒரே வயலில் போடாதது போல், சேமிப்பையும் பிரித்துப் போடுங்கள். மாதம் 3,000 ரூபாய் முடியும் என்றால் ஒரே கணக்கில் போடாமல், 1,000 ரூபாய் வீதம் 1 ஆண்டு, 3 ஆண்டு, 5 ஆண்டு என மூன்று கணக்கு தொடங்குங்கள். வட்டி இறங்கினால் நீண்ட காலக் கணக்கு பழைய வட்டியைத் தந்துகொண்டிருக்கும். ஏறினால், முதலில் முதிரும் பணத்தைப் புதிய வட்டிக்கு மாற்றலாம். அவசரம் வந்தாலும் ஒன்றை முறித்தால் போதும். மற்ற இரண்டும் பிழைக்கும்.

சேமிக்கும் முன் கடனைப் பாருங்கள்

வெளியில் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டிக்குக் கடன் இருந்தால், அது ஆண்டுக்கு 24 சதவீதம். அதை வைத்துக்கொண்டு 6.7 சதவீதத்துக்குச் சேமிப்பது நட்டக் கணக்கு. முதலில் அந்தக் கடனை அடையுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது. ஆர்.டி. தவணைக்காகப் பயிர்க்கடன் கெடுவைத் தவறவிட வேண்டாம்.

பணத்தின் பாதுகாப்பு

அஞ்சலகச் சேமிப்புக்கு மத்திய அரசு பொறுப்பு. வணிக வங்கியிலும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலும், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்க வைப்புகள் இந்தக் காப்பீட்டில் சேராது. அங்கே போடும் முன் என்ன பாதுகாப்பு என்று செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு இல்லாத சீட்டுக்கோ, ரசீது தராமல் வீடு தேடி வந்து வசூலிப்பவருக்கோ பணம் கொடுக்காதீர்கள்.

கணக்கு தொடங்கும் நாளில் கேட்க வேண்டியவை நான்கு: இன்றைய வட்டி எவ்வளவு, முதிர்வில் கைக்கு எவ்வளவு வரும், இடையில் முடித்தால் எவ்வளவு குறையும், தவணை தவறினால் அபராதம் எவ்வளவு. பதிலைப் பாஸ்புக்கின் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள். வாரிசுதாரர் பெயரையும் அன்றே பதிந்துவிடுங்கள்.