மவுஸ்ல செலக்ட் ஆகாத தமிழ்: ஒரு வெப்சைட்டைத் தேடுனா கிடைக்க வெச்ச கதை

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்போ, சின்னசேலத்துல இருக்கிற பழைய கிளாஸ்மேட் ஒருத்தன் என்னைப் பிடிச்சுக்கிட்டான். அவங்க குடும்பமே மரச்சிற்பம் செய்றவங்க. அப்பாவும் சித்தப்பாவும் சின்ன வயசுலேர்ந்து உளி பிடிச்சவங்க. "டேய், வெப்சைட் போட்டு மூணு மாசம் ஆச்சு. எங்க கடை பேரைப் போட்டுத் தேடுனாலே வரமாட்டேங்குது. நீ சாஃப்ட்வேர்தானே, என்னன்னு பாரு"ன்னான்.

அவனுக்கு இது விளையாட்டு இல்ல. இதுவரைக்கும் அவங்க செய்யறதை வியாபாரி ஒருத்தர் மொத்தமா எடுத்துட்டுப் போயிடுவார். சென்னையில அதே சிலையை வாங்குறவருக்கு, அதைச் செதுக்குன கை யாரோடதுன்னு தெரியாது. அந்த நடுவுல இருக்கிற தூரத்தைக் குறைக்கத்தான் வெப்சைட். போதாததுக்கு, "முதல் பக்கத்துல கொண்டு வர்றேன்"னு சொன்ன ஒருத்தர்கிட்ட 500 லிங்க்குக்குப் பணம் வேற கொடுத்திருந்தான்.

சைட்டைத் திறந்து பாத்தேன். அழகா இருந்துச்சு. ஆனா மவுஸை வெச்சு ஒரு வரியை செலக்ட் பண்ணப் பாத்தா, ஆகல. அத்தனை தமிழும் படம்! வாட்ஸப் போஸ்டர் செஞ்ச டிசைனரே இதையும் செஞ்சிருக்கார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது 90-கள். தமிழ் இணையமே கிட்டத்தட்ட இந்த நிலைமையிலதான் இருந்துச்சு. இன்னைக்கு எபிசோடு அதைப் பத்திதான்.

கண்ணுக்குத் தமிழ், மெஷினுக்குக் குப்பை

தேடுபொறி செய்ற வேலை மூணு. ஒவ்வொரு பக்கமா போய்ப் படிக்கும். எந்த வார்த்தை எந்தப் பக்கத்துல இருக்குன்னு, புத்தகத்தோட கடைசியில இருக்கிற சொல்லடைவு மாதிரி ஒரு பட்டியல் போட்டு வெச்சுக்கும். நாம தேடுறப்போ அதுலேர்ந்து எடுத்து வரிசைப்படுத்தும். வரிசையில எத்தனாவது இடம்னு கவலைப்படுறதுக்கு முன்னாடி, பட்டியல்ல நம்ம வார்த்தை ஏறணும்.

தமிழுக்கு அங்கதான் சிக்கல். சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமி 1995-லயே தமிழை இணையத்துல ஏத்திக் காட்டிட்டார். ஆனா அந்தக் காலத்துல பெரும்பாலும் எழுத்துருவை வெச்சுத்தான் வித்தை. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறது ஆங்கில எழுத்தோட எண். அந்த எண்ணுக்கு உரிய இடத்துல ஃபான்ட்ல 'அ'ன்னு வரைஞ்சு வெச்சிருப்பாங்க. நம்ம கண்ணுக்கு 'அ' தெரியும். மெஷினுக்கு அது ஏதோ ஒரு ஆங்கில எழுத்து, இல்லன்னா ஒரு விசித்திரக் குறி.

ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு ஃபான்ட் வெச்சிருந்தாங்க. அந்த ஃபான்டை இறக்கிப் போட்டாத்தான் செய்தியே படிக்க முடியும். அஞ்சு தளத்துல 'கள்ளக்குறிச்சி'ன்னு எழுதியிருந்தா, மெஷினைப் பொறுத்தவரை அது அஞ்சு வேற வேற வார்த்தை.

இதைச் சரிபண்ண நம்மாளுங்க சும்மா இருக்கல. மின்னஞ்சல் குழுக்கள்ல மாசக்கணக்கா விவாதிச்சு டிஸ்கின்னு ஒரு பொதுக் குறிமுறை கொண்டு வந்தாங்க. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டோட தொடர்ச்சியா டாம், டாப்னு ரெண்டு வந்துச்சு. நம்மள்ல பல பேர் இன்னைக்கும் தட்டுற தமிழ்99 விசைப்பலகையும் அங்கேர்ந்து வந்ததுதான். ஆனா யுனிகோட்ல 1991-லயே தமிழுக்கு இடம் ஒதுக்கியாச்சு! விண்டோஸ் 2000 வந்தப்போதான் அது சாதாரண ஆளோட மேசைக்கு வந்துச்சு. 2003-ல தமிழ் விக்கிப்பீடியா, அதையொட்டி வலைப்பதிவுகள்னு எழுதுற கூட்டம் யுனிகோடுக்கு மாறுச்சு. தமிழ்நாடு அரசு யுனிகோடை அதிகாரப்பூர்வமா ஏத்துக்கிட்டது 2010-ல.

அதுவரைக்கும் பழைய ஃபான்ட்ல எழுதி, பின்னாடி யாரும் மாத்தாம விட்ட பக்கங்கள் என்ன ஆச்சு? சர்வர்ல இருந்தும் தேடலுக்குச் சிக்காமப் போச்சு. என் நண்பனோட சைட்டும் அதே கதைதான். படத்துல இருக்கிற எழுத்தை இப்போ மெஷினால ஓரளவு படிக்க முடியும், சரி. ஆனா அதை நம்பிக் கடை நடத்த முடியாது.

நீ சொல்றது இல்ல, ஊர் சொல்றது

சரி, எழுத்து எழுத்தா மாறிடுச்சு. அப்புறம்? வரிசை.

ஆரம்பகாலத் தேடுபொறிகள் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு பாத்துத்தான் பெரும்பாலும் வரிசைப்படுத்துச்சு. உடனே நம்ம மக்கள் வெள்ளைப் பின்னணியில வெள்ளை எழுத்துல ஒரே வார்த்தையை நூறு தடவை எழுதி வெச்சாங்க. 1996-ல ராபின் லீ, அதே சமயத்துல ஸ்டான்ஃபோர்டுல லாரி பேஜும் செர்கே பிரின்னும் வேற வழியில யோசிச்சாங்க: மத்தவங்க யாரு இந்தப் பக்கத்தைக் கைகாட்டுறாங்கன்னு எண்ணலாமே? யோசனையோட வேர் நூலகத்துல இருக்கு. எந்த ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுறாங்கன்னு யூஜின் கார்ஃபீல்ட் 1960-கள்லயே அட்டவணை போட்டார்.

ஊர்ல மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரிதான் இது. புரோக்கர் சொல்றதை யாரும் அப்படியே நம்ப மாட்டாங்க. ஊரே மதிக்கிற பெரியவர் ஒருத்தர் "நல்ல பையன்"னு சொன்னா, அந்த ஒரு சொல்லுக்கு எடை அதிகம். அந்தப் பெரியவருக்கு எடை எங்கேர்ந்து வந்துச்சு? மத்தவங்க அவரை மதிக்கிறதால. பேஜ்ரேங்க் கணக்கு இவ்வளவுதான்.

ஆனா புரோக்கர்களும் வளந்தாங்க. லிங்க்கையே விலைக்கு வித்தாங்க. 2011 பிப்ரவரியில நியூயார்க் டைம்ஸ் ஒரு கதையை உடைச்சது. அமெரிக்காவோட பெரிய கடைச் சங்கிலியான ஜேசி பென்னி, சம்பந்தமே இல்லாத தளங்கள்ல காசு கொடுத்து வெச்ச லிங்க்குகளால பல தேடல்கள்ல முதலிடத்துல இருந்துச்சு. கூகுள் கை வெச்சதும், ஒரு பெட்டி பிராண்டுக்கான தேடல்ல முதலிடத்துலேர்ந்து ரெண்டே மணி நேரத்துல 71-க்குப் போயிடுச்சு. 2012 ஏப்ரல்ல பென்குயின்னு ஒரு அப்டேட் வந்து, இந்த வேலையை அல்காரிதமே பாக்க ஆரம்பிச்சது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே இந்த கதின்னா, சின்னசேலத்துக்காரன் வாங்குன 500 லிங்க் என்ன செய்யும்?

எந்த ஸ்பெல்லிங்ல தேடுவாங்க?

நம்ம ஊருக்குன்னு இன்னொரு சிக்கல் இருக்கு. மலையோட பேரையே எடுத்துக்கோங்க. கல்வராயன் மலை, கல்வராயன்மலை, கல்ராயன் மலைன்னு ஆளுக்கு ஒண்ணா எழுதுறோம். கள்ளக்குறிச்சிக்கு நடுவுல 'க்' போடாம எழுதுறவங்களும் நிறைய. மாவட்டம் உருவானது 2019 நவம்பர்ல. அதுக்கு முன்னாடி எழுதுன பக்கமெல்லாம் நம்மளை விழுப்புரம் மாவட்டம்னுதான் சொல்லும்.

வெறும் 'கள்ளக்குறிச்சி'ன்னு தேடுனா என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். 2024 ஜூன்ல விஷச் சாராயம் குடிச்சு 60-க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. அந்தச் செய்திகள் மேல வர்றதுல தப்பே இல்ல. அது மறக்கக் கூடாத விஷயம். ஆனா அதே ஊரோட மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சதும் உண்மை. ஊர் பேரோட போட்டி போடாதே, 'கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்'னு தேடுற ஆளைப் பிடின்னு நண்பன்கிட்ட சொன்னேன்.

ரெண்டு ராத்திரி உக்காந்தோம். படத்துல இருந்ததையெல்லாம் தட்டச்சு செஞ்சோம். ஒவ்வொரு சிலைக்கும் தனிப் பக்கம். என்ன மரம், எத்தனை அடி, செதுக்க எத்தனை நாள்னு அப்பா சொல்லச் சொல்ல அவன் எழுதுனான். படத்துக்கெல்லாம் விளக்க வரி. சர்ச் கன்சோல்ல சைட்டைப் பதிவு பண்ணோம். காசு லிங்க்கை நிறுத்தியாச்சு. அதுக்குப் பதிலா, ஏற்கெனவே சிலை வாங்குன நாலு பேருக்கு போன் போட்டு, "உங்க சைட்ல எங்க பேரைப் போட முடியுமா"ன்னு கேட்டோம். ரெண்டு பேர் போட்டாங்க.

ஆறு வாரம் கழிச்சு, கடை பேரைத் தேடுனா முதல்ல வருது. 'மரச்சிற்பம்'னு பொதுவா தேடுனா இன்னும் மூணாவது பக்கம்தான். அதுக்கு நாளாகும், அதுல குறுக்குவழி இல்ல. ஆனா போன வாரம் அவன் அப்பாவே போன்ல தன் பேரைத் தேடிப் பாத்திருக்கார். வந்திருக்கு. "வியாபாரிக்கு இது தெரியுமாடா?"ன்னு கேட்டாராம்.

உங்க வீட்டுலயோ சொந்தத்துலயோ யாராவது கடைக்கு சைட் வெச்சிருந்தா, இன்னைக்கே திறந்து ஒரு தமிழ் வரியை மவுஸ்ல செலக்ட் பண்ணிப் பாருங்க. செலக்ட் ஆகலன்னா, அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.