மாங்கனி ஈயும் அதன் பெயர் வரலாறும்

சேலம், நாமக்கல் சமவெளித் தோட்டங்களில் மாங்காயை அரிந்து புழுவைக் காண்போர் பலர். அப்புழுவிற்குத் தாயாகிய ஈயைக் கண்டு தெளிந்தோர் மிகச் சிலர். கொட்டையைத் துளைப்பது வண்டு என்னும் தெளிவு பேச்சுவழக்கில் உண்டு. சதையைக் கெடுப்பதற்கோ ‘புழு’ என்னும் பொதுப்பெயரே வழங்குகிறது. தொல்காப்பிய மரபியலும் நான்கறிவுயிர்களுள் நண்டையும் தும்பியையும் சுட்டி, அவற்றின் இனத்தன பிறவற்றைப் பொதுவில் அடக்கிவிட்டது. இக்காலத்து வழங்கும் ‘பழ ஈ’ என்னும் சொல்லோ, கனிந்து புளித்த பழத்தை மொய்க்கும் சிற்றீயையும், மரத்திலுள்ள காயைத் துளைத்து முட்டையிடும் ஈயையும் ஒருங்கே குறிக்கின்றது. இம்மயக்கம் நீங்குதற்கு, அவ்வீயின் பெயர் வரலாற்றை ஆராய்தல் பயன்தரும்.

1794இல் ஃபப்ரீசியஸ் என்னும் டென்மார்க்கு அறிஞர், இந்தியாவினின்று கிடைத்த ஈயொன்றிற்குத் துருநிறத்தது எனப் பொருள்படும் ‘ஃபெருகீனியா’ என்னும் இலத்தீன் பெயரை இட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து இந்திய வேளாண் நூல்களில் மாங்கனி ஈக்கு இப்பெயரே வழங்கிற்று. ஆயின், 1763இலேயே ஸ்கோபோலி அதனை வேறோர் ஈக்கு இட்டிருந்தார். முந்தியது நிற்கப் பிந்தியது வீழ்தல் விலங்கியற் பெயர்மரபு. ஆகவே, 1912இல் ஹெண்டல் தைவான் நாட்டு ஈயைக் கண்டு இட்ட ‘டார்சாலிஸ்’ என்பதே நிலைபெற்றது. முதுகைச் சார்ந்தது என்பது அதன் பொருள். நம் நாட்டு ஈ அயல்தீவின் ஈயைக் கொண்டு பெயர் பெற்றமை வியப்பே. குழப்பம் அத்துடன் ஒழிந்ததோ எனின், இல்லை. 2005இல் ஆப்பிரிக்காவிற் புத்தினமெனப் பெயரிடப்பட்ட ‘இன்வேடன்ஸ்’, 2015இல் இவ்வினமே எனக் கொள்ளப்பட்டது.

பெயர் மாறினும் உறுப்பு மாறுவதில்லை. ஏறத்தாழ வீட்டு ஈயளவினதாகிய இதன் கரிய முதுகின் இருமருங்கும் மஞ்சட் பட்டைகள் ஓடும். வயிற்றின்மேல் ஒரு குறுக்குக் கருங்கோடும், அதன் நடுவினின்று இறங்கும் நெடுங்கோடும் உள. பாகல், புடல், பீர்க்கு முதலிய கொடிக்காய்களைக் கெடுக்கும் ஈக்கோ முதுகின் நடுவிலும் ஒரு மஞ்சட் பட்டை உண்டு. மாவிலும் கொய்யாவிலும் காணப்படும் ‘சொனாட்டா’, ‘கரெக்டா’ என்னும் இனங்கள் இருபட்டையினவே. ஆனால், அவற்றின் சிறகோரக் கோடு இடையறுந்து, நுனியில் புள்ளியாகத் தோன்றும். டார்சாலிஸுக்கு அக்கோடு அறாது, வேட்டிக் கரைபோல் நுனிவரை செல்லும்.

மணத்தாலும் ஓரளவு பிரித்தறியலாம். பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்திலிருந்த ஹௌலெட், சிட்ரொனெல்லா எண்ணெயை ஆண் ஈக்கள் நாடிவருதலை 1912இல் வெளியிட்டார். 1915இல் அதற்குக் காரணமான மெத்தில் யூஜினாலையும் அறிவித்தார். நம் துளசியிலும் உள்ள பொருள் அது. இருபட்டை ஈக்கள் மூன்றும் அதனை நாடும். கொடிக்காய் ஈ நாடாது.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. 2014 மே முதல் நாளன்று, இத்தகைய ஈக்கள் காரணமாக, இந்திய மாங்கனியும் பாகலும் புடலும் ஐரோப்பிய ஒன்றியத்துள் தடுக்கப்பட்டன. மாங்கனிக்கிருந்த தடை 2015இல் நீங்கிற்று. எவ்வினம் என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘பழ ஈ’ என்பது போதாது. கொடிக்காய் ஈயை ‘முப்பட்டை ஈ’ எனவும், டார்சாலிஸைக் ‘கரைச்சிறகு ஈ’ எனவும் வழங்கலாம் என்பது எம் கருத்து. தென்னிந்தியாவிலுள்ள ‘கேரியே’ என்னும் இனத்திற்கும் சிறகிற் கரை உண்டே எனின், உண்மையே. அதன் முன்கால் தொடையிற் கருங்கறை இருத்தலை நோக்கி, அதனைக் ‘கறைத்தொடை ஈ’ எனப் பிரித்தல் தகும்.