விற்பதா, இரப்பதா? மும்பைச் சிறுவர்களும் 1959ஆம் ஆண்டுச் சட்டமும்

பொதுக் காரியத்துக்கு நிதி திரட்டும் பள்ளிப் பிள்ளைகள் வெறுங்கையை நீட்டலாகாது, ஏதேனும் விற்றே பொருள் ஈட்ட வேண்டும் என்ற கருத்து நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. விற்பது உழைப்பு, கேட்பது இரத்தல் என்பது அதன் அடிப்படை. திருக்குறளில் ‘இரவு’ அதிகாரத்தை அடுத்தே ‘இரவச்சம்’ நிற்பதை நோக்கினால், இவ்வினா நமக்குப் புதிதன்று என்பது விளங்கும். ஆயினும் மும்பையின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது.

1949 ஆகஸ்ட் 28 அன்று கூடிய குழு, ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாளைப் படைவீரர் கொடிநாளாகக் கொள்ள முடிவு செய்தது. அன்று மாணவர்கள் நம் சட்டையில் குத்தும் காகிதக் கொடி விற்பனைப் பொருளன்று. நன்கொடை அளித்ததற்கான அடையாளம். காசநோய் ஒழிப்புக்கான முத்திரை வில்லைகளும் அத்தகையனவே. இவற்றுக்கு மாறானது சாரணர் இயக்கத்தின் ‘கரீ கமாயி’. மராத்தியில் ‘உண்மையான சம்பாத்தியம்’ என்பது அதன் பொருள். பிள்ளைகள் சிறு வேலைகள் செய்து கூலி பெறுவர். பள்ளியில் கடை விரித்துத் தின்பண்டம் விற்பர். ஒன்றில் பொருள் பெயரளவுக்கு. மற்றொன்றில் உழைப்பே பொருள். இரண்டையும் சமூகம் மதிக்கிறது.

1959ஆம் ஆண்டின் பம்பாய் இரத்தல் தடுப்புச் சட்டம் இவ்வேறுபாட்டைக் கலைத்துவிடுகிறது. பொதுவிடத்தில் பாடியோ, ஆடியோ, குறி சொல்லியோ, ஏதேனும் ஒரு பொருளை விற்பனைக்கு நீட்டியோ பிச்சை கேட்பதும் அதன் வரையறையில் இரத்தலே. சட்டத்தாலோ உரிய அதிகாரியாலோ அனுமதிக்கப்பட்ட நோக்கத்துக்குக் கேட்பது மட்டும் விலக்கு. ஆகவே கையில் பொருள் இருப்பது காப்பாகாது; அனுமதியே காப்பு. முதன்முறை பிடிபடும் பெரியவரையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் அடைக்க இச்சட்டம் இடமளிக்கிறது. அத்தகைய இரவலர் இல்லம் ஒன்று செம்பூரில் உள்ளது.

தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் விற்கும் தமிழ்க் குடும்பங்களை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரம் போக எஞ்சிய வேளையில் குடும்பத் தொழிலுக்குக் கைகொடுப்பதை 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம் அனுமதிக்கிறது. இனி ஒரே பிள்ளையின் கையில் ஒரே பொட்டலம் இருப்பதாகக் கொள்வோம். பள்ளிக் கடையில் நின்றால் அது கல்வி. தாயின் அருகில் நின்றால் உதவி. சிக்னலில் தனித்து நின்றால் இரத்தல் என்ற ஐயத்துக்கு உரியது. பொருளும் மாறவில்லை, பிள்ளையும் மாறவில்லை. பின்னால் நிற்கும் நிறுவனமே மாறியது.

2018 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம் இச்சட்டத்தின் முதன்மைப் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. அத்தீர்ப்பின் எல்லை தில்லியோடு முடிந்தது. சிறுவர் நிதி திரட்டலை ஆராய்வோர் விற்றலா, கேட்டலா என்பதோடு நின்றுவிடலாகாது. எந்தப் பிள்ளைக்கு யார் அனுமதி தந்தார்கள், ஈட்டிய பணம் யாரிடம் சேர்ந்தது என்பனவே முதலில் கேட்க வேண்டிய வினாக்கள்.