தோட்டத்துப் பிள்ளை, பெருங்குடும்பத்துப் பாட்டனார்

மதீனாவின் அன்ஸாரிகள் பேரீச்சை வளர்த்து வாழ்ந்த மக்கள். அவர்களுள் கஸ்ரஜ் கோத்திரத்து நஜ்ஜார் கிளையில் பிறந்தவர் அனஸ் இப்னு மாலிக் (ரலி). தந்தை மறைந்தபின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி), இஸ்லாத்தை ஏற்பதையே மஹராகக் கேட்டு அபூதல்ஹா (ரலி) அவர்களை மணந்தார். அன்ஸாரிகளில் பேரீச்சந்தோட்டம் மிகுதியாக வைத்திருந்தவர் அபூதல்ஹா. பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த அவருடைய பைரூஹா தோட்டத்திற்கு நபி (ஸல்) அவர்கள் சென்று அதன் இனிய நீரைப் பருகுவார்கள்.

பத்து வயதில் அனஸை நபியவர்களின் பணிக்கு ஒப்படைத்தார் தாயார். பணியாள் என்றாலும் பிள்ளைதானே! ஒருநாள் ஒரு வேலையாக அனுப்பப்பட்டவர், கடைத்தெருவில் விளையாடிய சிறுவர்களைக் கண்டு நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பற்றியது. திரும்பிப் பார்த்தால், நபியவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'இரு காதுக்காரரே' என்று அவரை வேடிக்கையாக அழைத்ததும் உண்டு. அவருடைய தம்பி அபூஉமைர் வளர்த்த சிட்டு இறந்தபோது, அந்தக் குழந்தையிடம் குருவியைப் பற்றிக் கொஞ்சுமொழியில் விசாரித்தார்கள். மர்ருழ் ழஹ்ரானில் எல்லோரும் துரத்திக் களைத்துப்போன முயலைத் தாமே பிடித்ததையும் அனஸ் மறவாமல் சொல்லியிருக்கிறார்.

இவற்றையெல்லாம் நமக்கு அறிவித்தவர் அனஸேதாம். அவருடைய அறிவிப்புகள் 2286 எனக் கணக்கிடுவர். சட்டம் சொல்லும் ஹதீஸ்களுக்கு நடுவே, தாம் வேலையை மறந்து நின்ற கதையையும் முதுமைவரை ஒளிக்காமல் சொன்ன அந்த மனத்தை என்னவென்பது!

அவருக்குச் செல்வமும் மக்கட்பேறும் பெருகவேண்டும் என்று நபியவர்கள் துஆச் செய்தார்கள். பிற்காலத்தில் பஸராவில் குடியேறிய அவருடைய தோட்டம் ஆண்டுக்கு இருமுறை காய்த்தது. அதில் கஸ்தூரி மணம் வீசும் செடி ஒன்றும் இருந்ததாம். பிள்ளைகளும் பேரர்களும் நூற்றுக்கு மேல் பெருகினர்.

ஆனால் நீண்ட ஆயுள் என்பது தன் மக்களுக்குத் தானே ஜனாஸாத் தொழுவதையும் சேர்த்தே வருகிறது. ஹஜ்ஜாஜ் பஸராவுக்கு வந்த ஹிஜ்ரி 75 வாக்கில், தம் வழித்தோன்றல்களில் 120-க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டிருந்ததாக மகள் உமைனா தமக்குச் சொன்னதாக அனஸ் கூறுகிறார். கணக்கை வைத்திருந்தது மகள். தகப்பன் எண்ணிப் பார்க்கவில்லை போலும். அக்காலத்துப் பஸராவைக் கொள்ளைநோய் சூறையாடியதை வரலாற்று நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. இந்த எண்ணிக்கையை அவர் முறையீடாகச் சொல்லவில்லை என்பதுதான் நம்மைத் திகைக்க வைக்கிறது. துஆ நிறைவேறியதற்குச் சான்றாக, தம் செல்வத்தைச் சொன்ன அதே மூச்சில் இதையும் சொல்கிறார்.

எஞ்சிய குடும்பத்தை அவர் சிதறவிடவில்லை. குர்ஆனை ஓதி முடிக்கும்போதெல்லாம் மனைவி மக்களை ஒன்றுகூட்டித் துஆச் செய்வார். பேரர் ஸுமாமா போன்றோர் அவரிடமிருந்து கேட்டதைப் பின்வந்தோருக்கு அறிவித்தனர்.

ஹிஜ்ரி 93 வாக்கில், பஸராவில் வாழ்ந்த நபித்தோழர்களில் கடைசியாக மறைந்தவர் அவரே. மாணவர் ஸாபித் அல்புனானீ ஒருமுறை அவருடன் நடந்து சென்றார். வழியில் சிறுவர்கள் இருந்தனர். அவர்களுக்கு முதலில் ஸலாம் சொன்னவர் அனஸ்தாம். நபியவர்களும் இப்படித்தான் செய்வார்கள் என்று மாணவரிடம் சொல்லிவிட்டு நடந்தார்.