வேலை பெர்மிட் வந்த வரலாறு



நம் வீடுகளில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கும். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், அடையாளக் கார்டு எல்லாம் அதில்தான் கிடக்கும். சில வீடுகளில் அந்தப் பெட்டியில் சிவப்பு நிற அடையாளக் கார்டு ஒன்றையும் காணலாம். அது தாத்தாவுடையதாகவோ பாட்டியுடையதாகவோ இருக்கும். மற்றவர்களுக்கு நீலக் கார்டு. அவர்களுக்கு மட்டும் ஏன் சிவப்பு? இன்று நாம் பார்க்கவிருப்பது அந்த வரலாறுதான்.

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த காலத்தில் அவர்களிடம் கார்டு கேட்டவர் யாருமில்லை. தோட்டத்துக்கு ஆள் தேவை. அது ஒன்றே போதுமானதாக இருந்தது. 1907ஆம் ஆண்டில் குடியேற்ற நிதி ஒன்று ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் தங்களிடம் வேலை செய்யும் இந்தியத் தொழிலாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப அதில் பணம் கட்டினார்கள். கங்காணிகள் ஊரிலிருந்து திரட்டிய ஆட்களின் கப்பல் செலவு அந்த நிதியிலிருந்து போயிற்று. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் தங்கி, கப்பலேறி, பினாங்கிலோ இன்று போர்ட் கிள்ளான் என்று நாம் அழைக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமிலோ வந்து இறங்கினார்கள்.

தோட்டம் வேண்டும் என்றால் கதவு திறந்தது. வேண்டாம் என்றால்? 1930ஆம் ஆண்டை ஒட்டி ரப்பர் விலை சரிந்தபோது அதே கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. பல்லாயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பத்து வருடம் பால்மரம் சீவியவருக்கும் இங்கே இருக்கும் உரிமை என்று ஒன்று இருக்கவில்லை. வேலை இருந்தால்தான் லயத்து வீடும் இருந்தது.

1938ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள், உதவிப் பணத்தில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. போருக்குப் பின், 1953ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி, புதிய குடிநுழைவுச் சட்டம் இங்கே அமலுக்கு வந்தது. அதன்பின் புதிதாக வருகிறவரிடம் என்ன படிப்பு, என்ன தொழில், என்ன சம்பளம் என்று கேட்டார்கள். தொழில்நுட்பம் தெரிந்தவருக்கு வழி இருந்தது. சாதாரணக் கூலித் தொழிலாளிக்கு வழி அடைபட்டது.

அப்படியானால் முன்பே வந்துவிட்ட நம்மவர்களின் கதி என்ன? அவர்களுக்குத் திறந்திருந்த வழி பிரஜாவுரிமை. 1957ஆம் ஆண்டு மெர்டேக்கா நாளிலிருந்து இந்நாட்டில் பிறந்த குழந்தைகள் பிறப்பாலேயே பிரஜைகள் ஆனார்கள். அதற்கு முன் இங்கே பிறந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அவர்களுக்கு மலாய்மொழித் தேர்வும் இல்லை.

இவ்வளவு வசதி இருந்தும் பலர் விண்ணப்பிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும் தொழிலாளி, டவுனிலுள்ள அலுவலகத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். பலருக்குப் பிறப்புப் பத்திரமே கிடையாது. சிலருக்கு ஒருநாள் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பு. சிவப்புக் கார்டு இருக்கிறதே, நிரந்தரவாசி என்றுதானே அர்த்தம், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றும் பலர் இருந்துவிட்டார்கள்.

அந்த நினைப்பு 1969ஆம் ஆண்டில் உடைந்தது. குடிமக்களுக்கே வேலையில் முதலிடம் என்ற நோக்கத்தோடு 1968ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. 1969 மே 13 கலவரத்துக்குப் பின் அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. பிரஜை அல்லாதவர் வேலை பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது. சிவப்புக் கார்டுக்காரரும் இதற்கு விலக்கல்ல. நாட்டில் வாழ அனுமதி உண்டு. வேலை செய்து பிழைக்கத் தனி அனுமதி வேண்டும்.

ஒரே லயத்து வீட்டில், மெர்டேக்காவுக்குப் பின் பிறந்த பிள்ளை பிரஜை. அவனைப் பெற்ற தகப்பன் அந்நியன்! ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் அக்காலத்தில் இந்நாட்டைவிட்டுப் போனதாக வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். காடு வெட்டித் தோட்டம் ஆக்கிய கைகள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறின.

சட்டங்கள் மாறிக்கொண்டே வருவன என்பதையும் நாம் மறக்கலாகாது. 1962ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று. சிவப்புக் கார்டுக்கு அந்த மதிப்பாவது இருந்தது. நிரந்தரவாசி என்ற அந்தச் சொல்லையும் நீக்கும் திருத்தத்தை 2024 அக்டோபர் 17ஆம் நாள் மக்களவை ஏற்றுக்கொண்டது.

இன்று நம் தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய தற்காலிக வேலை பாஸ் ஒரே முதலாளியோடு கட்டுண்டது. அது நிரந்தரவாசத்துக்குப் படியாகாது. அன்று நம் தாத்தா நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அவர்களை ஏளனமாகப் பார்ப்பது நமக்குத் தகாது.

நேயர்களே, இந்த வரலாறு நமக்குச் சொல்வது இதுதான்: வேலை செய்யும் அனுமதி வேறு, தங்கும் அனுமதி வேறு, பிரஜாவுரிமை வேறு. ஒன்று இருந்தால் மற்றது தானே வந்துவிடும் என்று இருந்தவர்கள்தான் இழந்தார்கள். ஆகவே இன்றிரவு அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். குழந்தை பிறந்தால் நாள் கடத்தாமல் பதிவு செய்யுங்கள். வீட்டில் இன்னும் சிவப்புக் கார்டோடு முதியவர் இருந்தால், அவருக்காக விண்ணப்பம் எழுதப் படித்த பிள்ளைகள் முன்வர வேண்டும். அவர் இழந்த ஒருநாள் கூலிக்கு நாம் கொடுக்கும் ஈடு அதுவே.